பேனல் வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்
லேப்டாப் திரை மாற்றம்: வாசகர் கேள்வி – பதில்

லேப்டாப் திரையை (பேனலை) நாமே மாற்றலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

என்னிடம் 15.6 அங்குல லேப்டாப் இருக்கிறது. ரெசல்யூஷன் 1366×768. மதிப்பெண் பட்டியலை எக்செல்லில் திறந்தால் பாதிப் பாடங்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. ஃபுல் எச்டி பேனல் 5,500 ரூபாய் என்று தென்காசியில் சொல்கிறார்கள். வாங்கி நானே மாட்டிவிடலாமா?
– ஓர் ஆசிரியை, செங்கோட்டை

மாட்டலாம். மாட்டுவது அரைமணி நேர வேலைதான். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் லேப்டாப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காமல் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், உங்கள் மாடலிலேயே ஃபுல் எச்டி திரையுடன் விற்ற வகை உண்டா என்று பாருங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றும் தங்கள் மாடல்களுக்கான சர்வீஸ் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அதிலோ தளத்திலோ உள்ள உதிரிபாகப் பட்டியலில் ஃபுல் எச்டி, அதாவது 1920×1080 பேனலும் அதற்கான கேபிளும் தனித்தனி எண்ணோடு இருந்தால் உங்கள் மதர்போர்டு தாங்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பட்டியலில் கேபிளுக்கு இரண்டு எண்கள் இருந்தால் கவனம். எச்டிக்கு (1366×768) ஒரு கேபிள், ஃபுல் எச்டிக்கு வேறு கேபிள் என்று இருக்கலாம். அப்படியானால் பேனல் விலையோடு கேபிள் விலையையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது, பேனலின் முதுகில் இருக்கும் லேபிள். கம்பெனி பெயரை விட மாடல் எண்தான் முக்கியம். எச்டி பேனல் என்றால் 'பி156எக்ஸ்டிஎன்', 'என்டி156டபிள்யூஎச்எம்' என்பது போலத் தொடங்கும். ஃபுல் எச்டியில் 'பி156எச்டிஎன்' என்றால் டிஎன் வகை, 'பி156எச்ஏஎன்' என்றால் ஐபிஎஸ் வகை. பிஓஇ என்ற கம்பெனியின் தயாரிப்பில் 'என்டி' என்று தொடங்கினால் டிஎன், 'என்வி' என்று தொடங்கினால் ஐபிஎஸ் போன்றது. கடையில் வெறுமனே "ஃபுல் எச்டி" என்று கேட்டால் டிஎன் பேனலைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்து கூர்மையாகத் தெரியும். கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். ஐபிஎஸ்ஸுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாக ஆனாலும் கொடுங்கள்.

மூன்றாவது அளவு. 15.6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு மட்டுமே. பழைய ஸ்லிம் பேனல்கள் ஏறக்குறைய 360 மில்லிமீட்டர் அகலம், மேலும் கீழும் ஸ்க்ரூ போடக் காதுகளோடு வரும். ஒல்லி விளிம்பு லேப்டாப்புகளுக்கான பேனல் 350 மில்லிமீட்டர்தான், காதே கிடையாது, டேப்பில் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. கனெக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை பின் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். லேபிள், காதுகள், கனெக்டர் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினால் அவருக்கும் வேலை சுலபம்.

பேனலை வாங்கி மாட்டினேன். லேப்டாப் லோகோ வருகிறது, விண்டோஸ் ஏறும்போது திரை கறுப்பாகிவிடுகிறது. எச்டிஎம்ஐயில் டிவியைச் செருகினால் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பழைய எச்டி பேனலைத் திரும்ப மாட்டினால் அதுவும் ஓடுகிறது. கடைக்காரர் பேனலில் பழுதில்லை என்று அவர் மெஷினில் போட்டுக் காட்டிவிட்டார். என்னதான் கோளாறு?
– மாணவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

கடைக்காரர் சொல்வது சரி. சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

இடிபி என்பது மதர்போர்டிலிருந்து திரைக்குப் படம் போகும் இணைப்பு முறை. அதன் 30 பின் கனெக்டரில் படத்தைக் கொண்டுவர இரண்டு லேன்களுக்கு இடம் உண்டு. ஒரு லேன் என்பது இரண்டு மெல்லிய கம்பிகள். எச்டி பேனலுக்கு ஒரு லேன் போதும் என்பதால் பல கம்பெனிகள் செலவை மிச்சம் பிடிக்க ஒரே லேனுக்கு மட்டும் கம்பி இழுத்துவிடுகின்றன. கணக்கைப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு லேன் நொடிக்கு 216 கோடி பிட் தரவைக் கொண்டுபோகும். 1366×768 திரை, நொடிக்கு 60 முறை, புள்ளிக்கு 18 பிட், இடைவெளி நேரமும் சேர்த்தால் ஏறக்குறைய 137 கோடி. தாராளமாக அடங்கும். அதே கணக்கில் 1920×1080 திரைக்கு 250 கோடிக்கு மேல் வேண்டும். 24 பிட் நிறம் என்றால் 330 கோடியைத் தாண்டும். ஒரு லேனில் நுழையாது. இரண்டு லேன் இருந்தால் 432 கோடி வரை போகும், சிக்கலே இல்லை.

லேன் குறைந்தால் எல்லா மெஷினும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிலவற்றில் ஆரம்பத்திலிருந்தே கறுப்பு. சிலவற்றில் உங்களுக்கு நடந்தது போல லோகோ வரும், பிறகு போய்விடும். சிலவற்றில் படம் வரும், ஆனால் ரெசல்யூஷன் பட்டியலில் 1920×1080 இருக்காது.

உறுதிசெய்ய மீட்டர்கூட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேபிளின் பேனல் பக்க முனையை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். செல்போன் கேமராவின் ஜூம்கூடப் போதும். ஒரு ஓரத்தில் நாலைந்து கம்பிகள் கொத்தாக இருக்கும். அது பேக்லைட்டுக்கு (திரையின் பின்னிருந்து வரும் வெளிச்சத்துக்கு) மின்சாரம் போகும் பக்கம், 26 முதல் 29 வரையிலான பின்கள். அதற்கு எதிர் ஓரத்திலிருந்து எண்ணுங்கள். 6, 7 முதல் லேன். 9, 10 கட்டுப்பாட்டுக் கம்பிகள். 3, 4 இரண்டாவது லேன். 3, 4 வெறுமையாக இருந்தால் விஷயம் முடிந்தது. உங்கள் மாடலின் ஃபுல் எச்டி வகைக்கான கேபிளை வாங்கி மாட்டுங்கள். கேபிளில் ஒட்டியிருக்கும் சிறு துணி லேபிளில் பார்ட் நம்பர் இருக்கும், பழையதன் எண்ணையும் குறித்துக்கொண்டு போனால் மாறிப்போகாது.

கேபிளை மாற்றுவது பேனல் மாற்றுவதை விடக் கூடுதல் வேலை. கேபிள் ஹிஞ்ச், அதாவது திரையின் கீல் வழியாக இறங்கி மதர்போர்டுக்குப் போகிறது, அதனால் அடிமூடியையும் திறக்க வேண்டியிருக்கும். பழைய கேபிள் ஹிஞ்சைச் சுற்றி எப்படி வளைந்து போயிருக்கிறதோ அதே தடத்தில் புதியதையும் விடுங்கள். நேராக இழுத்துவிட்டால் மூடியைத் திறந்து மூடி ஒருசில மாதத்தில் உள்ளே கம்பி அறுந்து, திரை மினுக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது லேனுக்கான கம்பியைத் தனியாக இழுத்து சால்டர் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த வேகத்தில் கம்பியின் நீளமும் முறுக்கும் ஷீல்டும் எல்லாம் கணக்கு.

திரை மாற்றுவதைப் படிப்படியாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் மட்டும்.
– கூடலூர், தேனி மாவட்டம்

பூஜ்யம் அளவுள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் கார்டு, மெல்லிய துணி, ஸ்க்ரூ போட்டு வைக்க முட்டை அட்டை. இவ்வளவு போதும்.

ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழல்வதாக இருந்தால் கழற்றுங்கள். உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

திரையைச் சுற்றியுள்ள பெஸலின் கீழ் மூலைகளில் ரப்பர் மூடிகள் இருந்தால் அடியில் ஸ்க்ரூ இருக்கும். அவற்றை எடுத்த பின், மேல் விளிம்பின் நடுவில் நகத்தை உட்பக்கமாக நுழைத்து மெதுவாக வெளிப்பக்கம் நெம்புங்கள். கிளிப் ஒவ்வொன்றாக 'டிக்' என்று விடும். பேனலுக்கும் பெஸலுக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை விடாதீர்கள். கண்ணாடி ஓரம் ஒரு சிறு அழுத்தத்தில் விரிசல் விட்டுவிடும். ஹிஞ்ச் பக்கத்தைக் கடைசியில் எடுங்கள், அங்கே கிளிப் இறுக்கமாக இருக்கும்.

காதுள்ள பேனல் என்றால் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குட்டி ஸ்க்ரூ. எடுத்ததும் பேனலை முன்பக்கமாகச் சாய்த்து, கீபோர்டின் மேல் விரித்த துணியில் முகம் குப்புறப் படுக்க வையுங்கள். மேலே தூக்கி இழுக்காதீர்கள், கேபிள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒல்லி விளிம்பு மாடலில் பேனலின் இரு பக்கமும் இழுத்தால் நீளும் டேப் இருக்கும். அதன் வாலைச் சாமணத்தில் சுற்றி, பேனலோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் நடுவில் அறுந்துவிடும். அறுந்தால் ஹேர் டிரையரில் மிதமாகச் சூடு காட்டி, தூண்டில் நரம்பை இடையில் விட்டு அறுக்க வேண்டியதுதான். புது டேப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரை மூடி ஒரு கண்ணாடி டேப் இருக்கும். உரியுங்கள். அடியில் மெல்லிய இரும்பு வளையம் இருந்தால் நிமிர்த்துங்கள். கனெக்டர் மேல்நோக்கி வராது, பேனலுக்கு இணையாகக் கிடைமட்டமாக நழுவி வரும். இரண்டு ஓரத்திலும் சமமாகப் பிடித்துத் தள்ள வேண்டும். புதியதைச் செருகும்போதும் அப்படியே. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாமல் சாய்ந்து நிற்கக் கூடாது. வளையத்தைப் படுக்க வைத்து, டேப்பைத் திரும்ப ஒட்டுங்கள்.

ஸ்க்ரூ போடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பேனலைச் சாய்த்து வைத்த நிலையிலேயே பேட்டரியைச் சேர்த்து ஆன் செய்து, முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைப் போட்டுப் புள்ளி செத்திருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சரி என்றால் மறுபடி அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அப்புறம்தான் முடுக்க வேண்டும். முன்பக்கப் பாதுகாப்பு ஃபிலிமை பெஸல் மாட்டுவதற்குச் சற்று முன் உரித்தால் போதும். ஸ்க்ரூவைக் கைநெகிழ்வாக முடுக்குங்கள். இறுக்கினால் கறுப்புப் பின்னணியில் அந்த மூலை வெளுத்துத் தெரியும்.

உங்கள் பக்கத்துக்கு என்று ஒன்று. மூணாறு, குமுளிக் குளிரிலிருந்து இறங்கி வந்த லேப்டாப்பையோ கூரியர் பெட்டியையோ உடனே திறக்காதீர்கள். கீழே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் வியர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறங்கள்.

மாற்றி முடித்து ஆன் செய்தால் திரை இருட்டு. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது. பழைய பேனலைப் போட்டாலும் இப்போது அதே கதை.
– கம்பம்

பெரும்பாலும் பேக்லைட் ஃபியூஸ் போயிருக்கும். பழைய பேனலிலும் அதே நிலை என்பதால் கோளாறு பேனலில் இல்லை, மதர்போர்டிலோ கேபிளிலோதான்.

பேட்டரி கனெக்டரை எடுக்காமல் கேபிளைப் பிடுங்கியதாலோ, கனெக்டர் சாய்வாக ஏறியதாலோதான் பெரும்பாலும் இது நடக்கிறது. பேக்லைட் பின்களில் பேட்டரியின் மின்னழுத்தம் அப்படியே வருகிறது. லேப்டாப் அணைந்திருந்தாலும் சில மெஷின்களில் அங்கே மின்சாரம் நிற்கும். பின்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான். கனெக்டர் கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும்.

முதலில் கேபிளின் இரு முனைகளையும் எடுத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் மதர்போர்டில் டிஸ்ப்ளே கனெக்டருக்குப் பக்கத்தில் 'எஃப்' என்ற எழுத்தோடு எண் போட்ட சிறு பாகம் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். பீப் வரவில்லையென்றால் அது எரிந்துவிட்டது. அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். வெறும் கம்பியால் இணைத்துத் தருகிறேன் என்று சொல்கிற கடையிலிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த முறை ஷார்ட் ஆனால் போவது ஃபியூஸ் அல்ல, போர்டு.

ஹாட் ஏர் ஸ்டேஷனும் மைக்ரோஸ்கோப்பும் உள்ள கடையில் சின்ன வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த 14 அங்குல லேப்டாப்பை இன்னும் வைத்திருக்கிறேன். 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். ஃபுல் எச்டி திரை போட்டால் பிரயோஜனம் உண்டா?
– புளியரை

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பணம் மிச்சமிருந்தால் ராம். அதன் பிறகும் அந்த மெஷினோடு இரண்டு வருஷம் ஓட்டுவேன் என்றால் திரையைப் பற்றி யோசிக்கலாம். அதற்கான ஃபுல் எச்டி கேபிள் தேடிக் கிடைப்பது கஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். நிறம் சரியாகத் தெரிய 4கே பேனல் போடலாமா?
– ஸ்டூடியோ உரிமையாளர், களியக்காவிளை

நிறத்துக்கும் 4கேவுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது நிறப் பரப்பு, அதாவது திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. அதை என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் சதவீதமாகச் சொல்வார்கள். மலிவான பேனல்களில் அது 45 சதவீதம் என்டிஎஸ்சி. உங்களுக்கு வேண்டியது 72 சதவீதம் என்டிஎஸ்சி, அதாவது கணினிப் படங்களுக்கான பொது நிறத் தரமான எஸ்ஆர்ஜிபி ஏறக்குறைய முழுவதும். 45 சதவீதத் திரையில் பட்டுப்புடவையின் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் சிவப்பைக் கூட்டுவீர்கள், லேபிலிருந்து வரும் பிரிண்டில் கண்ணைப் பறிக்கும். மாடல் எண்ணை டேட்டாஷீட்டில் தேடினால் இந்தச் சதவீதம், வெளிச்சம் இரண்டும் கிடைக்கும். ஒரே தொடரில் கடைசி இரண்டு மூன்று எழுத்து மாறினால்கூட நிறப் பரப்பு மாறிவிடும், முழு எண்ணையும் பாருங்கள். வெளிச்சம் 300 நிட் இருந்தால் நல்லது. மலிவு பேனல்களில் 220, 250தான்.

4கேவுக்கு 40 பின் கனெக்டரும் நான்கு லேனும் வேண்டும். உங்களுடையது 30 பின் என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 40 பின் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடிபிக்கு முந்தைய இணைப்பு முறையான எல்விடிஎஸ் பேனலுக்கும் 40 பின்தான்; கனெக்டரும் ஒன்றுபோலவே இருக்கும், செருகினால் ஏறும். ஆனால் பின் வரிசை வேறு. ஏறுகிறதே என்று ஆன் செய்தால் பேனலோ போர்டோ போய்விடும்.

புது பேனலைப் போட்டதும் பழைய கலர் ப்ரொஃபைலை நீக்கிவிட்டு, நிறத்தை அளக்கும் காலிபிரேட்டர் இருந்தால் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

2012 திங்க்பேட் எக்ஸ்230. ஃபுல் எச்டி ஆகுமா?
– போடிநாயக்கனூர்

பேனலை மட்டும் மாற்றி ஆகாது. அதிலிருப்பது 1366×768 வரை மட்டும் தாங்கும் ஒற்றைச் சேனல் எல்விடிஎஸ். டாக் (லேப்டாப்பைச் செருகி வைக்கும் மேடை) இணைப்புக்குப் போகும் டிஸ்ப்ளேபோர்ட் தடத்திலிருந்து சிக்னலைத் திருப்பும் தனி போர்டு விற்கிறது. அதை மதர்போர்டில் சால்டர் செய்ய வேண்டும். கை பழகியவர்களுக்கான வேலை. அதே ரெசல்யூஷனில் ஐபிஎஸ் பேனல் அந்த மாடலுக்கு உண்டு, டிஎன் வைத்திருந்தால் அதைப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பேனலைக் கோவையில் வாங்குவதா, எர்ணாகுளம் பென்டா மேனகா வணிக வளாகத்தில் வாங்குவதா? ஆன்லைனில் விலை குறைவு.
– வேலந்தாவளம்

பில்லும் வாரண்டியும் கொடுத்து, உங்கள் கண்முன் எரியவைத்துக் காட்டுகிற கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பழுது வந்தால் பேனலைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள், அதனால் பக்கத்து ஊர் நல்லது. வாரண்டி எதுவாக இருந்தாலும் விரிசலுக்குக் கிடையாது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் சீலை உடைப்பதிலிருந்து திரை எரிவதுவரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். 'ரீஃபர்பிஷ்ட்', 'ஏ கிரேடு' என்று எழுதியிருந்தால் எத்தனை செத்த புள்ளி வரை மாற்றித் தர மாட்டார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. அப்பாவால் படிக்க முடியவில்லை.
– மார்த்தாண்டம்

பேனல் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி இருந்த இடத்தில் இப்போது 141. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேல் என்பதை 125 சதவீதம் ஆக்குங்கள், அப்பாவுக்கென்றால் 150. ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், எழுத்து பெரிதாகும், கூடவே மங்கிவிடும், செலவழித்த காசும் வீண்.

கழற்றிய எச்டி பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– குமுளி

புதியது ஒரு மாதம் தொல்லையில்லாமல் ஓடும்வரை பழையதை வைத்திருங்கள். கோளாறு வந்தால் எங்கே என்று பிரித்துப் பார்க்க உதவும். பிறகு, அந்தப் பேனலின் மாடல் எண்ணுக்கேற்ற எச்டிஎம்ஐ கன்ட்ரோலர் போர்டு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான புரோகிராம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைச் சேர்த்தால் கடை சிசிடிவிக்கு ஒரு மானிட்டர் ஆயிற்று. போர்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பேனலுக்கு ஏதாவது ஒரு சட்டம் அடித்துவிடுங்கள். சட்டம் இல்லாமல் சுவரில் சாய்த்து வைத்தால் அதிக நாள் தாங்காது.